கட்டிலோரம் உட்கார்ந்திருப்பவர்

1

ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதிக் கொடுத்தால் இந்த நாட்டில் நான் நர்ஸ். எழுதாவிட்டால், தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு வந்த மகேஸ்வரி, இங்கே மறுபடியும் மாணவி.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்து, இங்கிலாந்தின் வடக்கே, லண்டனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மழை ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா எல்லோரிடமும் "எம்பொண்ணு லண்டன்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். இங்கே என் பெயரும்தான் மாறிவிட்டது. மகேஸ்வரி இவர்கள் வாயில் நுழையாமல் மேகி ஆகிவிட்டாள். இரண்டே நிமிடத்தில் வெந்துவிடுவேன் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

நிலவரம் இதுதான். வெளியே படித்த நர்ஸ் இங்கே வந்து இறங்கியவுடன் நர்ஸ் ஆகிவிட முடியாது. சில மாதங்கள் ஒரு வார்டில் பயிற்சியாளராக இருக்க வேண்டும். ஊசியைத் தொட்டாலும் பின்னால் ஒருவர் நின்று பார்ப்பார். கடைசியில் வார்டு சிஸ்டர் "இவள் தேறினாள்" என்று கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால்தான் பதிவு எண். பதிவு எண் வந்தால்தான் விசா நீளும். விசா நீளாவிட்டால் மீனம்பாக்கம்.

என் வார்டு சிஸ்டர் பெயர் மார்கரெட். நரைத்த குட்டை முடி, ரப்பர் செருப்பு, வேலையில் புலி. சென்ற வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னார். இங்கே இது பழக்கம். தவறு நடந்தால் திட்டமாட்டார்கள், எழுதச் சொல்வார்கள். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். எங்கள் நாட்டில் நர்ஸ்கள் போதாததால் நோயாளியின் உறவினர்களே பராமரிப்பு வேலையைச் செய்கிறார்கள், அது சரியான முறை அல்ல என்பதை இங்கே வந்து கற்றுக்கொண்டேன். இவ்வளவுதான்.

கருணையோடுதான் சொன்னார். அதுதான் எரிந்தது.

"எழுதிடு மேகி. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்."

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

இப்போது தஞ்சாவூரில் ஏதோ ஒரு கல்லூரியின் டெமோ அறையில், ரப்பர் பொம்மையின் கையில் ஊசி குத்திக்கொண்டே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருக்கும் தங்கைகளே, இது முக்கியமாக உங்களுக்கு.

2

எங்கள் டெமோ அறைப் பொம்மையின் பெயர் லில்லி. யார் வைத்த பெயரோ, எங்களுக்கு முந்தைய செட்டும் அப்படித்தான் கூப்பிட்டது. லில்லிக்கு ஒரு கை கழன்று வரும். லில்லியைக் குளிப்பாட்டினோம், தலைவாரினோம், இரண்டு மணிக்கு ஒருமுறை இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பிப் போட்டோம். லில்லிக்குப் படுக்கைப்புண் வந்ததே இல்லை. எல்லோருக்கும் நல்ல மார்க்.

இரண்டாம் வருடம் வார்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளை யூனிஃபார்ம், மொடமொடவென்று கஞ்சி, பையில் புத்தகம். என் கட்டிலில் படுத்திருந்தவர் நன்னிலம் பக்கத்துக் கலியபெருமாள். பக்கவாதம், ஒரு பக்கம் கை கால் வரவில்லை. ஆள் தேக்கு மரம் மாதிரி. நானோ மண்வெட்டிப் பிடி மாதிரி. கட்டிலின் ஒரு பக்கம் மனைவி அஞ்சலை, கால்மாட்டில் தம்பி தங்கராசு, தரையில் பாயில் தம்பி மனைவி, ஜன்னலில் தூக்குவாளி, கம்பியில் துண்டு. ஒரு குடும்பமே குடிவந்திருந்தது. புத்தகத்தில் வரைந்திருந்த வார்டில் கட்டில் இருந்தது, நோயாளி இருந்தார், குனிந்தபடி நர்ஸ் இருந்தாள். இவர்கள் யாரும் படத்தில் இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவர்களை விலக்கிவிட்டு நான் எப்படி நர்சிங் செய்வது?

கலியபெருமாளின் முதுகடியில், இடுப்பெலும்பின் மேல், தோல் சிவந்திருந்தது. அழுத்தினால் வெளுக்கவில்லை. புண்ணாகப் போகிறது என்று பொருள். பாடம் முழுக்க எனக்குத் தலைகீழ் மனப்பாடம். பிரெஷர் பாயின்ட் எத்தனை, எந்த எலும்பின் மேல், எத்தனை மணிக்கு ஒருமுறை. கேர் ப்ளானில், அதாவது பராமரிப்புத் திட்டத்தில், நாலு பக்கம் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு, டியூட்டர் மேடத்திடம் நீட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை.

"நல்லா எழுதியிருக்க. இத அவரு முதுகுக்குப் படிச்சுக் காட்டப் போறியா?"

பக்கத்தில் நின்ற ஜெயராணி சிரித்துவிட்டாள். ஜெயராணி என் வகுப்பு. லுத்தரன் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவள் இந்தக் கட்டுரையில் இன்னும் வருவாள், சிரிப்போடுதான் வருவாள்.

வார்டில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ்கள் ஊசி, டிரிப், மருந்து என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மாணவிகள் மதியத்தோடு கிளம்பிவிடுவோம். அதற்குப் பிறகு இவரை யார் திருப்புவது? அஞ்சலையிடம் போனேன்.

"அம்மா, இவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்."

"ஏம்மா, நீ ஊதுனா பறந்துருவ. இவர நீ எப்படிப் பொரட்டுவ?"

"நான் பொரட்ட மாட்டேன். நீங்கதான் பொரட்டப் போறீங்க."

"நாங்களா? அப்ப நீ என்னாத்துக்கு?"

வார்டே சிரித்தது. எதிர்க் கட்டில்காரர் இருமிக்கொண்டே சிரித்தார். தங்கராசு மட்டும் சிரிக்காமல் கேட்டார். "தூங்குற மனுசன ஏம்மா எழுப்பிகிட்டு? கெடக்கட்டுமே." நான் விடவில்லை. ரத்த ஓட்டம் என்றேன், திசு என்றேன், அழுத்தம் என்றேன். தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் முழு மார்க். அவர்கள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. எனக்குக் கண் கலங்கும் நேரம். என்ன தோன்றியதோ, தங்கராசைக் கேட்டேன்.

"உங்க வயலு தலைமடையா, கடைமடையா?"

"கடைமடதான். அத ஏன் கேக்குற, மேட்டூர் தெறந்து ஊரெல்லாம் நட்டு முடிச்சப்பறந்தான் எங்களுக்குக் கால் நனையும்."

"மேல ஒருத்தரு வாய்க்காலை அடைச்சுட்டா?"

"வெட்டுக்குத்துதான்."

"அது இருக்கட்டும். நெலம் என்னாவும்?"

"வெடிச்சுப் போவும். பயிர் கருகும்."

"அண்ணனுக்கு முதுகுல அந்தச் செவப்பா இருக்கிற எடம் கடைமட. எலும்பும் படுக்கையும் நடுவுல வாய்க்காலை நசுக்குது. ரத்தம் போவல. இன்னும் ரெண்டு நாள் இப்படியே கெடந்தா தோலு வெடிக்கும்."

தங்கராசு எழுந்து நின்று அண்ணனின் முதுகை முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப மொற வைக்கணும் அண்ணி."

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி. தண்ணீர் குறைந்த காலத்தில் இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று மாற்றி மாற்றி விடுவதுதான் முறை. யாருக்கும் எப்போதும் கிடைக்காது, யாருக்கும் இல்லாமலும் போகாது. அன்று மதியத்திலிருந்து கலியபெருமாளின் உடம்புக்கு முறை வைத்தார்கள். காலையில் அஞ்சலை, உச்சிக்குத் தங்கராசு, சாயங்காலம் தம்பி மனைவி, ராத்திரியில் மாற்றி மாற்றி. கூடப் பிடிக்கும் ஆள் வெளியே டீ குடிக்கப் போனால் பக்கத்துக் கட்டில்காரரின் மகன். எப்படி முழங்காலை மடக்குவது, எப்படி வராத கையைத் தோளோடு சேர்த்துத் தாங்குவது, எங்கே தலையணையை அணை கொடுப்பது என்று நான் ஒவ்வொருவரையும் செய்யவைத்துப் பார்த்தேன். அஞ்சலை கையைப் பிடித்து இழுத்தபோது அதட்டினேன். "தோளு எறங்கிடும், இழுக்காதீங்க!" அவர் திருப்பி அதட்டினார். "எம்புருசன் தோளு எனக்குத் தெரியாதா?" ஆனால் அடுத்த முறை இழுக்கவில்லை.

மறுநாள் போனபோது இருவரும் சண்டையில் இருந்தார்கள். "ஒன் மொறைய ஏன்டா தள்ளிப் போட்ட?" என்று அஞ்சலை கொழுந்தனை வறுத்துக்கொண்டிருந்தார். எனக்கு விருது கொடுத்தது மாதிரி இருந்தது.

கலியபெருமாள் வீட்டுக்குக் கிளம்பியபோது கை கால் வந்திருக்கவில்லை. முதுகு முழுசாக இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். படுக்கைப்புண் ஏன் வருகிறது என்பது தங்கராசிடம் வாய்க்காலைப் பற்றிக் கேட்ட அந்த நிமிடத்தில்தான் எனக்கே விளங்கியது. அதுவரை எனக்குத் தெரிந்தது அந்தப் பாடத்தின் தலைப்புகள். குத்தகை நிலத்தில் தண்ணீருக்குக் காவல் இருக்கும் அப்பாவோடு வரப்பில் நின்று வளர்ந்தவள் நான். அந்த வரப்பும் இந்தப் பாடமும் என் மண்டைக்குள் தனித்தனி அறையில் இருந்தன. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோதுதான் நடுச்சுவர் இடிந்தது. தனியாக நின்று நான்கு பேரைத் திருப்பிப் போட்டிருந்தால் எனக்குக் கை வலித்திருக்கும், பாடம் ஏறியிருக்காது.

3

இங்கே வந்த முதல் வாரம் ஒரு கிழவரைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். பேசினில் வெந்நீர், இரண்டு துண்டு, திரை. நான் தயாராகிவிட்டு, பழக்கத்தில் மார்கரெட்டைக் கேட்டேன்.

"இவர்கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லையே. நீதான்."

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. எனக்கு அவருடைய பதில் புரிய ஒரு வாரம் ஆனது. தஞ்சாவூரில் நோயாளியைத் தொடும் முன் எவரும் கேட்கும் முதல் கேள்வி அது. கூட யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது, யாருக்குச் சொல்லிக் கொடுப்பது, வீட்டுக்குப் போனபின் யார் கையில் விடுவது என்று தெரியும்.

நியாயமாகச் சொல்கிறேன், இங்கே புத்தகம் அப்படியே நடக்கிறது. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடை என்றால் துடைக்கிறார்கள். ஆளைத் திருப்ப வழுக்கும் துணி, தூக்க யந்திரம், கூட ஒரு கை. லில்லிக்குச் செய்ததையெல்லாம் உயிருள்ள ஆளுக்குச் செய்யும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓடி ஓடிச் செய்தேன். வாய்க்கொழுப்பும் உண்டு. ஒருநாள் இறந்துபோன பாட்டியைப் பற்றி, நம்மூர் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் "எக்ஸ்பயர் ஆகிவிட்டார்" என்று போனில் சொல்ல, எதிர்முனையில் மகன் திகைத்துப்போனார். இங்கே பால் பாக்கெட்தான் எக்ஸ்பயர் ஆகும். மார்கரெட் ஒரு வாரம் என்னை போனை எடுக்கவிடவில்லை.

ஆனால் மாலையில் பார்வையாளர் நேரம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உறவினர்கள் வருவார்கள். திராட்சை, வாழ்த்து அட்டை. நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்காருவார்கள். மணி அடித்தால் எழுந்து, நெற்றியில் ஒரு முத்தம், போய்விடுவார்கள். அன்பில்லாதவர்கள் இல்லை. சிலர் படிக்கட்டில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் செய்ய ஒன்றும் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

என்னோடு இங்கே வந்திருக்கும் ஜெயராணியும் நானும் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சுசீலா அக்கா, மன்னார்குடிக்காரர். அவருக்கு ஆபரேஷன் ஆனபோது இங்கேயே பிறந்த மகள் ஒரு பூங்கொத்தோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கூட இருந்துட்டு வரலாம்ல?" என்று நான் கேட்டதற்கு, "அங்கே நர்ஸ் இருக்காங்களே, நான் எதுக்கு?" என்றாள், ஆங்கிலத்தில். அஞ்சலை கேட்ட அதே கேள்வி, திருப்பிப் போட்டிருந்தது. சுசீலா அக்கா டிவியைப் பார்த்தபடி, "அவளுக்குப் பழக்கமில்ல மகேசு, விடு" என்றார். டிவி ஓடவில்லை.

4

விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ராங்க் என்று ஒரு பெரியவர். பஸ் ஓட்டியவர். பக்கவாதம், வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. மகள் லிண்டா, ஐம்பதை ஒட்டிய வயது, தினமும் வருவார். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அப்பாவின் போர்வையில் இல்லாத தூசியைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவோட குதிகால் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பார்க்கலாமா?"

இதற்கு அனுமதி கேட்கிறார் பாருங்கள். போர்வையை விலக்கிக் காட்டினேன். எது சிவப்பு, எது ஆபத்தான சிவப்பு, விரலால் எப்படி அழுத்திப் பார்ப்பது. அடுத்த நாள் உலர்ந்த வாயைப் பஞ்சால் ஈரப்படுத்தச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் நானும் இன்னொரு நர்ஸும் ஃப்ராங்க்கைத் திருப்பும்போது லிண்டாவைத் தலையணை வைக்கச் சொன்னேன். வராத கையைத் தாங்கிப் பிடிக்க வைத்தேன். பேச்சில்லாத அந்த மனிதர் இடக்கையால் மகளின் விரலைப் பற்றிக்கொண்டார். லிண்டா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்பா இங்க வந்ததிலிருந்து இன்னிக்குத்தான் அவர் கையைப் பிடிச்சேன்."

இதில் பிழை எங்கே? அடுத்த நாள் மாலை நான் டீ இடைவேளைக்குப் போயிருந்தேன். திருப்பும் நேரம் தாண்டுகிறது என்று லிண்டா தானாகவே அப்பாவைத் திருப்ப முயன்றிருக்கிறார், தனியாக. வராத கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வார்டு உதவியாளர் ஒருவர் உடனே பார்த்துச் சரி செய்துவிட்டார். ஃப்ராங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. லிண்டாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

மார்கரெட்டின் கோபம் நியாயம். தோள் இறங்கியிருக்கலாம், லிண்டா விழுந்திருக்கலாம். "தனியாகச் செய்யாதீர்கள்" என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இதை அன்றே சொன்னேன், எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். ஆனால் மார்கரெட்டுக்கு அது போதவில்லை. அவருக்கு வேண்டியது அந்த இன்னொரு வாக்கியம்.

5

"எழுதிக் குடுத்துட்டு வாடி" என்றாள் ஜெயராணி. சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போன மாதமே கையெழுத்து ஆகிவிட்டது. "பைபிள்ல கை வச்சா சொல்லச் சொன்னாங்க? அசைன்மென்ட்டுடி. காலேஜ்ல நாம எழுதாத அசைன்மென்ட்டா?"

"அது லில்லியைப் பத்தி எழுதினது. இது அஞ்சலையப் பத்தி."

"நம்மூர்ல ஆள் பத்தலங்கிறது பொய்யா?"

"உண்மை."

"சொந்தக்காரங்கதான் எல்லாம் செய்யறாங்கங்கிறது பொய்யா?"

"அதுவும் உண்மை. அதனாலதான் இதுன்னு கோக்கறாங்க பாரு, அதுதான் பொய். கட்டிலுக்கு ஒரு நர்ஸ் போடு. அஞ்சலைகிட்ட போய், 'நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, நாலு மணிக்கு திராட்சையோட வாங்க'ன்னு சொல்லிப் பாரு."

ஜெயராணி கரண்டியோடு நின்று சிரித்தாள். "செருப்பால அடிக்கும்." பிறகு சிரிப்பு நின்றது. "மகேசு, நீ பேசறது எல்லாம் சரி. திருப்பி அனுப்பிட்டா?"

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசினேன். பக்கத்து வீட்டு போன். அப்பா மூச்சு வாங்க ஓடிவந்து எடுத்தார்.

"கையெழுத்து ஆயிடுச்சாம்மா?"

"ஒண்ணு எழுதித் தரச் சொல்றாங்கப்பா. எழுத மனசு வரல."

"யாரப் பத்தி?"

"நம்மளப் பத்தி."

"சரி, அனுப்பிட்டா வந்துரு. இங்க நடவுக்கு ஆளே கெடைக்கல" என்றார். தைரியம் சொல்கிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று பிரிக்க முடியாத குரல். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"எழுதித் தொலைடி! அங்க போயும் வாயா? ஊரெல்லாம் லண்டன்னு சொல்லி வச்சிருக்கேன்!"

கார்டு தீர்ந்துவிட்டது. நல்லவேளை.

திங்கட்கிழமை எழுதினேன். தனியாகத் திருப்ப வேண்டாம் என்று சொல்லாமல் விட்டது என் பிழை என்று ஒரு பத்தி. பிறகு எழுதியது இது: நோயாளியின் மகளைப் பராமரிப்பில் சேர்த்தது என் நாட்டில் நர்ஸ் போதாததால் அல்ல. அதை நான் ஒரு வேலைமுறையாகக் கற்றேன், செய்து பார்த்தேன், அது பலன் தந்தது. இங்கும் அதைச் செய்வேன், இன்னும் கவனமாக.

மடித்துக் கொடுத்தேன். மார்கரெட் நின்றபடியே படித்தார். கன்னம் சிவந்தது.

"வெள்ளிக்கிழமை கையெழுத்து இல்லை" என்றார். "ஆலன் பார்க்கட்டும்."

6

ஆலன் பயிற்சிகளுக்கெல்லாம் பொறுப்பானவர். டை கட்டிய, தூக்கம் போதாத மனிதர். சிறிய அறை, மூன்று நாற்காலி. என் அரைப்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். என் ஆங்கிலத்தை இன்னொருவர் வாயில் கேட்பது வேதனை. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மன்னிப்பு மாதிரி இல்லையே."

"முதல் பத்தி மன்னிப்புதான் சார். ரெண்டாவது பத்தி இல்லை."

மார்கரெட் குறுக்கிட்டார். "மேகி, இந்த ஊரில் நாங்கள் ஆதாரத்தை வைத்து வேலை செய்கிறோம். உன் ஊர்ப் பழக்கத்தை வைத்து அல்ல. இதற்கு உன்னிடம் ஆதாரம் இருக்கிறதா?"

நாற்காலியின் நுனிக்கு வந்தேன்.

"நான் படித்த நர்சிங் புத்தகம் உங்கள் நாட்டில் அச்சடித்தது சிஸ்டர். குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று அதில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. உங்கள் மாணவிகளும் அதைத்தான் படிக்கிறார்கள். என்னோடு இந்த வார்டில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோருக்கும் அந்தப் பாடம் தெரியும். யாரும் செய்து பார்த்ததில்லை. ஏனென்றால் உங்கள் வார்டில் அதற்கு நேரமும் இல்லை, நாற்காலியும் ஒன்றுதான். நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். நீங்கள் எழுதி வைத்ததை தஞ்சாவூரில் நடத்திவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். அது தவறு என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவேன்?"

இவ்வளவு நீளமாக ஆங்கிலத்தில் நான் பேசியதே இல்லை. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் இலக்கணம் கவிழ்ந்திருக்கும். யாரும் திருத்தவில்லை.

ஆலன் கேட்டார்: "நாளைக்கு அந்த மகள் வந்தால் என்ன செய்வாய்?"

தப்பிக்க ஒரு வாசல் திறந்துதான் இருந்தது. எதுவும் செய்யமாட்டேன் என்றால் போதும்.

"பஞ்சை அவர் கையில் கொடுப்பேன். குதிகாலைப் பார்க்கச் சொல்வேன். திருப்புவதை மட்டும் நாங்கள் செய்வோம், அவர் பார்ப்பார். அப்பாவை வீட்டுக்கு அனுப்பப் போகிறீர்களா இல்லையா? அங்கே யார் பார்ப்பார்கள்? நானா, சிஸ்டரா?"

மார்கரெட் ஜன்னலைப் பார்த்தார். ஆலன் எதையோ எழுதினார், நிறுத்தினார், மறுபடி எழுதினார்.

முடிவு இது. கையெழுத்து கிடையாது. இன்னும் ஒரு மாதம் பயிற்சி நீள்கிறது. ஆளைத் தூக்கும் வகுப்பை மறுபடி உட்கார்ந்து முடிக்க வேண்டும். அந்த மாதக் கடைசியிலும் மார்கரெட்டுக்குத் திருப்தி இல்லாவிட்டால், அதற்குமேல் நீட்டிப்பு இல்லை. கூடவே இன்னொன்று. லிண்டா விரும்பினால் அவர் எதையெல்லாம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை நான் கேர் ப்ளானில் எழுத வேண்டும், மார்கரெட் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதாமல் செய்தால் அது விளையாட்டு, எழுதிச் செய்தால் அது நர்சிங் என்றார் ஆலன். இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தஞ்சாவூரில் நான் கேர் ப்ளானை மார்க்குக்காகத்தான் எழுதினேன்.

வெளியே நடையில் மார்கரெட் என்னோடு வந்தார். ரப்பர் செருப்பு கீச்சிட்டது.

"ஒரே வாக்கியம் மேகி. இந்த வெள்ளிக்கிழமை நீ பதிவான நர்ஸாக இருந்திருக்கலாம்."

"தெரியும் சிஸ்டர்."

"பிடிவாதக்காரி."

"அதுவும் தெரியும்."

அவர் சிரித்தார் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தத் திட்டம் மதியத்துக்குள் என் மேஜைக்கு வரணும்" என்று சொல்லிப் போனார்.

தங்கைகளே, ஒரு மாதம் கழித்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஜெயராணி "பெட்டியைப் பரண்ல ஏத்தாத" என்கிறாள். ஆனால் இங்கே வரும்போது நீங்கள் வார்டில் கற்றதை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வராதீர்கள். புத்தகத்தில் உள்ளது இவர்களுடையது, வார்டில் நாம் பழகியது நம் ஊர் ஏழ்மை என்று பிரித்துச் சொல்வார்கள். பிரித்துக் கொடுக்காதீர்கள். இரண்டும் உங்களுடையது. பிழை செய்தால் பிழை என்று சொல்லுங்கள். பிழை இல்லாததையும் சேர்த்து எழுதித் தராதீர்கள்.

மதியத்துக்குள் திட்டத்தை எழுதினேன். மார்கரெட் இரண்டு வரியை அடித்தார், ஒரு வரியைச் சேர்த்தார், மூலையில் தன் இனிஷியலைப் போட்டார். சேர்த்த வரி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

பார்வையாளர் நேரம். லிண்டா வந்தார். நாற்காலியைக் கட்டிலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு கையை இடுப்பில் அணை கொடுத்துத்தான் உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னை மாட்டிவிட்டுட்டேன். இனிமே நான் அப்பாவைத் தொடக் கூடாதுல்ல?"

"தனியாத் தொடக் கூடாது" என்றேன். "கையைக் கழுவிட்டு வாங்க."